மூன்றாவது புள்ளி

சாய்தளம் தப்பாகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, சக்கர நாற்காலி கடைசி நாலடியில் ஆவுடையப்பனின் கையை உதறிவிட்டு ஓடி, சாத்தியிருந்த கம்பிக் கேட்டில் முட்டி நின்றது. அதில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு முழங்காலில் சிராய்ப்பு. பெரிய காயம் இல்லை. திருப்பி மேலே ஏற்றலாம் என்று தள்ளினால் அதே நாலடியில் நாற்காலி சண்டி மாடு மாதிரி நின்றுகொண்டது. மூச்சைப் பிடித்துத் தள்ளினார். நகரவில்லை. கடைசியில் அடுத்த வீட்டு ஞானதிரவியமும் தெருவில் போன இரண்டு பேரும் சேர்ந்து, சப்பரம் தூக்குவது போல நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார்கள். சப்பரத்து அம்மன் பேசாது. இவள் பேசினாள். "இனி நான் வெளிய வரல. என்னைய எங்கயும் கூப்பிடாதீய." அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பேச்சில்லை, காலைக் காப்பிக்குப் பேச்சில்லை, டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். இப்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். பதினோரு மணிக்கு ஆட்டோ வரும். இடுப்பெலும்பு கூடிவிட்டது, இனிமேல் ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்து காலை ஊன்றிப் பழகாவிட்டால் கடைசிவரை நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, ஆவுடையப்பனைப் பார்த்துச் சொன்னார், ஏதோ இவருடைய இடுப்பு உடைந்த மாதிரி. இன்றைக்குத்தான் முதல் நாள். அவள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இவர் வெளியே வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் வரைபடத்தாள். ஆனிக் காற்று அதைப் பிடுங்கப் பார்க்கிறது. பிடுங்கட்டும். இல்லை, பிடுங்கக் கூடாது. ஆவுடையப்பன் தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

கணக்கு சரி. கணக்கில் தப்பே கிடையாது. விடிந்ததிலிருந்து அதையேதான் போட்டுப் பார்க்கிறார். கேட் ஆதிப்புள்ளி. கேட்டிலிருந்து வீட்டைப் பார்க்கப் போகிற தூரம் x. தரையிலிருந்து உயரம் y. வாசல்நிலை இருபத்து நாலடி தள்ளி இருக்கிறது, தரைக்கு மேலே இரண்டடி. ஆகப் புள்ளி (24, 2). சாய்வு பன்னிரண்டில் ஒன்று, அதாவது பன்னிரண்டடி நடந்தால் ஓரடி ஏறலாம், அதற்கு மேல் ஏறினால் நாற்காலிக்கு ஆகாது என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள். ஒரு புள்ளி தெரியும். சாய்வு தெரியும். அப்புறம் என்ன வேண்டும்? ஒரு புள்ளியும் ஒரு சாய்வும் தெரிந்துவிட்டால் அதற்கு ஒரே ஒரு கோடுதான், உலகத்தில் வேறு எவன் வந்தாலும் இரண்டாவது கோடு போட முடியாது. y − 2 = (x − 24)/12. வலது பக்கத்தைப் பிரித்து எழுதினால் இந்தப் பக்கத்து இரண்டும் அந்தப் பக்கத்து இரண்டும் அடிபட்டுப் போகும். மிச்சம் y = x/12. மாறிலி பூஜ்யம். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது. கேட் வாசலில் போய்த் தரையைத் தொடுகிறது, ஓர் அங்குலம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அதைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு அவருக்கு உடம்பு புல்லரித்துப் போனது. இந்த வீட்டைக் கட்டியவனுக்குக் கூட்டல் கழித்தல்கூடச் சரியாக வராது, சமையல்கட்டு ஒரு மூலை கோணல், மாடிப்படி ஒன்று உயரம் ஒன்று குட்டை, ஆனாலும் பாரு, என்றைக்கோ ஒரு நாள் இவள் விழப்போகிறாள், ஒரு சாய்தளம் வேண்டிவரும் என்று தெரிந்து அளந்து வைத்த மாதிரி முற்றம் அமைந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் தாளை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் காட்டினார். அப்போது அவள் கட்டிலில் படுத்திருந்தாள். பார்த்தாள். கோடு நல்லா இருக்கு என்றாள். கோடு நல்லா இருக்கு. அதற்கு என்ன அர்த்தம்? அப்போதே அதில் ஒரு குத்தல் இருந்ததோ? இருக்கும். அவள் பேசுகிறதில் பாதி குத்தல்தான்.

கெடுத்தது கொத்தனார். இசக்கிமுத்து. சந்தேகமே இல்லை. கோடு போட்டுக் கொடுத்தது ஆவுடையப்பன். கொத்தனாரின் கூட்டாளி ஒருத்தனைத் தண்ணீர் ட்யூபைப் பிடிக்கச் சொல்லி, மட்டம் பார்த்து, காம்பவுண்டுச் சுவரில் வாசல்நிலை உயரத்துக்கு ஒரு புள்ளி, அங்கிருந்து பன்னிரண்டடி தள்ளி ஓரடி கீழே இறங்கி ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்து நூலைக் கட்டிக் கேட் வரைக்கும் இழுத்து, நீலப்பொடி தொட்டுச் சுண்டிக் கோடு அடித்தார். அந்தக் கோடு இந்தா, இப்போதும் சுவரில் இருக்கிறது. பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளலாம். சிமெண்டு வாசலிலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு யோக்கியமாக வருகிறது, இருபதடி வருகிறது, அப்புறம் கேட்டுக்கு நாலடி இருக்கும்போது கோட்டை விட்டுவிட்டுத் தலைகுப்புற விழுகிறது. கோடு மேலே அதுபாட்டுக்குப் போகிறது, சிமெண்டு அதற்கு அரையடி கீழே போய்ப் படுத்திருக்கிறது. அரையடி. ஓர் அங்குலம் என்றால் கரண்டி சறுக்கிவிட்டது என்று சொல்லலாம். அரையடியை என்ன என்று சொல்வது? வேலை முடியும் நேரம், சாயங்காலம், கை ஓடவில்லை, எப்படியோ வழித்து விட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு இவர் வீட்டில் இல்லை. அவளுக்கு எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் கூட்டிப் போயிருந்தார். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். கோட்டை விட்டு இம்மி நகரக் கூடாது. எங்கிட்ட ஒண்ணும் கேக்கவும் கூடாது. சும்மா சும்மா போன் அடிக்கவும் கூடாது. இசக்கிமுத்து தலையை ஆட்டினான். ஆட்டுவான். தலையாட்டுகிறவனை நம்பவே கூடாது. வாத்தியாராக இருந்த காலத்தில் வகுப்பிலும் அப்படித்தான், புரிஞ்சுதால என்று கேட்டால் முன் பெஞ்சு முழுக்கத் தலையாட்டும், பேப்பரைத் திருத்தினால் ஒருத்தனுக்கும் குறி மாறியிருக்காது, இடப்பக்கத்து மைனசை வலப்பக்கத்திலும் மைனசாகவே கொண்டுபோய் வைத்திருப்பான். ஆனால் அரையடி கீழே போனான் என்றால், தரையைத் தோண்டியல்லவா போயிருக்க வேண்டும்? ஆவுடையப்பனின் பார்வை கேட்டடிக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. குழி இல்லை. சிமெண்டு முடிகிற இடத்தில் தரை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதென்ன. அதென்ன என்று இன்னும் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும், அதற்குள் உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

வாசலுக்கு வருகிறாளா? இல்லை. ஜன்னல் பக்கம் போகிறாள். சக்கரம் உத்திரத்தடியில் ஓடும் எலி மாதிரி ஒரு சத்தம் போடும், எண்ணெய் விட வேண்டும், விடவில்லை. அந்தச் சத்தம் நின்றுபோய்விடுமோ என்பதுதான் ஆவுடையப்பனின் பயம். அவரோடு வேலை பார்த்த ஓவிய வாத்தியார் வீட்டில் அப்படித்தான் நின்றது. அவருடைய மனைவி குளியலறையில் விழுந்தவள், நாலு நாள் நாற்காலியில் வீட்டுக்குள் சுற்றினாள், அப்புறம் எதுக்கு என்று சொல்லிக் கட்டிலோடு இருந்துவிட்டாள். பார்க்கப் போனபோது அந்த அறையில் தைலமும் மூத்திரமும் பழைய போர்வையும் சேர்ந்து ஒரு வாடை. அந்தப் பெண்பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், யார் வந்திருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலி என்று ஒரு முனகலும் இல்லை. வலித்தால்கூடத் தேவலை. இவளும் சுவரைப் பார்ப்பாளோ? இவளுக்குத் தெரு வேண்டும். மீன்காரி போனால் என்ன மீன் என்று கேட்க வேண்டும், வாங்க மாட்டாள், இவர்கள் வீட்டில் மீனே கிடையாது, ஆனாலும் கேட்க வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் பேச வேண்டும். அது இல்லாமல் எப்படி இருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தைக் காட்டாமல் நர்சுகளிடம் எரிந்து விழுந்தார். ஒரு சின்னப் பெண், நர்சு, பேஷண்ட் பேர் சொல்லுங்க சார் என்றாள். அவருக்கு வாய் வரவில்லை. எங்க வீட்டில் என்றார். பேரு சார். அவங்கதான், எங்க வீட்டு அம்மா. அந்தப் பெண் சிரித்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் இருந்தவளிடமே போய்க் கேட்டது. அவள் அந்த வலியிலும், அவுக வாயில அது வராது, கல்யாணத்தன்னைக்கே வரல என்று சொல்லிவிட்டுப் பேரைச் சொன்னாள். ஏளா என்பார், இந்தா என்பார், ரொம்பக் கோபம் என்றால் ஒன்றும் சொல்லாமல் தொண்டையைச் செருமுவார். பேர் எதற்கு. வீட்டில் இருப்பது இரண்டு பேர். யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாதா?

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. ஞானதிரவியம். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அவருக்கு இன்னும் ஹாரன் அடிக்கிற பழக்கம் போகவில்லை, வாயால் அடிப்பார். "என்னவே வாத்தியாரே, பேரப்பிள்ளைகள அனுப்பட்டா? சறுக்கு விளையாடதுக்கு ஊருக்குள்ள இந்த மாதிரி ஒண்ணு கெடையாது பாத்துக்கிடும்." ஆவுடையப்பனுக்குப் பதிலுக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, நேற்று அந்த ஆள் நாற்காலியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து ஏறியது ஞாபகம் வந்தது, விழுங்கிக்கொண்டார். உதவி செய்தவன் மேல் கோபப்பட முடியாமல் போவதைப் போல ஓர் எரிச்சல் வேறு கிடையாது. அந்த ஆள் விடவில்லை. பஸ்சை மலையில் இறக்குகிற விஷயத்தை ஆரம்பித்தார், கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியர், இன்னும் என்னவெல்லாமோ. திருப்பம் வைக்காம மலையில ரோடு போட முடியுமாவே என்று கேட்டார், இன்னொரு தடவை இருமிவிட்டு உள்ளே போனார். திருப்பம். எல்லாரும் திருப்பம் என்கிறார்கள். பயிற்சி கொடுக்கிற பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டைப் பார்த்தபோது, இடம் பத்தாட்டி நடுவில் ஒரு மேடை வைத்துத் திருப்பிக்கலாம் சார் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தவள், வண்டிக் கொட்டகையை எடுத்துட்டா அங்கிட்டு இடம் இருக்கே என்றாள். வண்டிக் கொட்டகை. அவருடைய ஸ்கூட்டர் நிற்கிற இடம். ஸ்கூட்டரை ஓட்டி எத்தனை காலம் ஆயிற்று, கண்ணில் புரை, டயர் இரண்டும் உட்கார்ந்துவிட்டது, ஆனாலும் அது நிற்கிறது, அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்த வண்டி அது. இடம் பத்தும் என்று அவர் சொன்னார். கோடுன்னா நேரா இருக்கணும், வளைஞ்சு போனா அதுக்குப் பேரு கோடு இல்ல என்றார். அன்றைக்குச் சாயங்காலம்தான் y = x/12 வந்தது. மாறிலி பூஜ்யம். தெய்வமே சொல்லிவிட்ட மாதிரி.

இரண்டு புள்ளி. வரைபடத்தாளில் இரண்டு புள்ளிதான் குறித்திருக்கிறது. (24, 2), (12, 1). பென்சிலால் குட்டிக் குட்டி வட்டம் போட்டு அழுத்தமாகக் குறித்திருக்கிறார். கோடு இரண்டின் வழியாகவும் போய் மூலையில் போய் உட்காருகிறது. அழகான கோடு. மூன்றாவது புள்ளி எங்கே? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. வகுப்பிலிருந்து வந்தது. இத்தனை வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்திய வார்த்தை. இரண்டு புள்ளி போதும் கோடு போட, மூணாவது புள்ளி எதுக்குல? சரி பாக்கதுக்கு. அது கோட்டில் உக்காந்தா நீ மனுசன். உக்காரலேன்னா ரெண்டுல ஒண்ணு பொய். மூன்றாவது புள்ளி குறிக்காத கிராஃபுக்கு அவர் ஒரு மார்க் குறைப்பார், கோடு சரியாக இருந்தாலும் குறைப்பார், அழுதாலும் குறைப்பார். அது ஊர் முழுக்கத் தெரியும். இங்கே மூன்றாவது புள்ளி எங்கே? கேட். (0, 0). அதைக் குறிக்க என்ன இருக்கிறது, அது ஆதிப்புள்ளி, அது எங்கே போகும்? அதை யாராவது போய் அளப்பார்களா? அன்றைக்குக் கேட்டடியில் மணலும் ஜல்லியும் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. நூல் மணலுக்குள் போய் மறைந்தது. உள்ளே போய்த் தரையைத் தொட்டிருக்கும் என்று விட்டுவிட்டார். தொட்டிருக்கும். தொட்டிருக்குமா? ஆவுடையப்பனுக்குக் காது மடல் சூடாயிற்று. மூன்றாவது புள்ளி. சீ. அதெல்லாம் ஒன்றும் இல்லை. கொத்தனார்தான்.

கேட் திறந்தது. ஆட்டோ இல்லை, இசக்கிமுத்து. நேற்று ராத்திரி போனில் வாங்கிய வசவுக்கு முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வந்திருந்தான். தோளில் துண்டு, கையில் கரண்டிப் பை. சாய்தளத்தின் கடைசி நாலடியில் கால் வைக்காமல் தாண்டி வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். ஆவுடையப்பன் சுவரைக் காட்டினார். கோடு எங்க போவுது, நீ எங்க போயிருக்க என்று கேட்டார். குடித்துவிட்டு வேலை பார்த்தாயா என்று கேட்டார். முழங்கால் சிராய்ப்பைச் சொன்னார். தெருவே பார்த்ததைச் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் நின்றான். நின்றுவிட்டு, "சார் கேக்கக் கூடாதுன்னு சொன்னீய. கேக்கல" என்றான். என்ன கேக்கல? என்ன கேட்டிருக்கணும்? அதை அவர் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான். அதனால் இன்னும் சத்தமாகத் திட்டினார். திட்டத் திட்டத் தன் குரல் எங்கோ ஒரு வகுப்பில் கேட்கிற மாதிரி இருந்தது. கடைசி பெஞ்சு, தலை குனிந்து நிற்கிற பையன், அவனுடைய தாளில் கோடு, கோட்டில் இரண்டே புள்ளி.

அப்போதுதான் தண்ணீர் வந்தது. முதலில் முதுகில் தெறித்தது, பிறகுதான் சத்தம் கேட்டது. அவள் வாசல்நிலையில் இருந்தாள். எப்போது வந்தாள், திட்டுகிற சத்தத்தில் சக்கரம் கிறீச்சிட்டது கேட்கவே இல்லையே. மடியில் ஒரு சின்ன வாளி, அரிசி கழுவிய தண்ணீரோ என்னவோ. முழுதையும் அப்படியே சாய்த்துவிட்டாள். பாதி சாய்தளத்தில் விழுந்தது, பாதி பக்கத்தில் முற்றத்து மண்ணில். திட்டினது போதும், பாருங்க என்கிற மாதிரி ஒரு சாய்ப்பு. ஆவுடையப்பன் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வது, சட்டை நனைந்திருக்கிறது. சாய்தளத்துத் தண்ணீர் நிதானமாக இறங்கியது, பன்னிரண்டுக்கு ஒன்று, அவர் சொன்னபடி, ஒழுங்கான பிள்ளை மாதிரி. கடைசி நாலடியில் போய் விழுந்து ஓடியது. அது சரி, அது தெரிந்ததுதான். ஆனால் பக்கத்தில், முற்றத்து மண்ணில் விழுந்த தண்ணீர். அது விழுந்த இடத்தில் நிற்கவில்லை. வீட்டடியிலிருந்து புறப்பட்டு, கொஞ்சம் யோசித்து, ஒரு கல்லைச் சுற்றி, துளசிச் செடியைத் தாண்டி, கேட்டைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. மெதுவாக. நிற்காமல். சாய்தளத்துத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே, அதற்குத் தம்பி மாதிரி. முற்றம் சாய்ந்திருக்கிறது. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் தெருவுக்குப் போக எல்லாரும் வைக்கிற வாட்டம். எல்லா வீட்டிலும் இருக்கிற வாட்டம். அவர் தரையை அச்சு என்று எடுத்துக்கொண்டார். வரைபடத்தாளில் தரை நேராக இருந்தது, அளவுகோல் வைத்துப் போட்ட x அச்சு, இரண்டு முனையிலும் அம்புக்குறி. தரைக்கு அம்புக்குறி கிடையாது. வீட்டடியிலிருந்து கேட்டுக்குப் போவதற்குள் அரையடி இறங்கிவிடுகிறது. ஆதிப்புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. கோடு வந்து சேர்ந்த இடத்தில் தரை இல்லை. தரை இல்லாத இடத்தில் கொத்தனார் என்ன செய்வான்? கேட்கக் கூடாது என்று சொன்னால் என்ன செய்வான்? இருக்கிற நாலடியில் எப்படியாவது தரைக்குப் போய்ச் சேருவான். மூன்றாவது புள்ளி கோட்டில் உட்காரவில்லை. ஒரு மார்க் குறைப்பு. மனுசன் இல்லை.

கோபம் போகவில்லை. திரும்புவதற்கு ஓர் இடம் மட்டும் தேடியது. சுவர் மேல் போனது, மணல் மேல் போனது, புள்ளி குறித்த பென்சில் மேல் போனது, ஒன்றிலும் நிற்காமல் வந்து அவர் மேலேயே உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் கணக்குப் போட ஆரம்பித்தது, அவருக்கு வேறு எதுவும் தெரியாது. கேட் இப்போது (0, −½). அங்கிருந்து வாசல்வரை ஏற வேண்டியது இரண்டரை அடி. பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் முப்பதடி வேண்டும். இருப்பது இருபத்து நாலு. ஆறடி கேட்டுக்கு வெளியே, தெருவில் நிற்கும், லாரி போகிற தெரு. முடியாது. இந்த முற்றத்துக்கு விடை இல்லை. விடை இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். இசக்கிமுத்து அவரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"மழை பேஞ்சா தண்ணி எங்கிட்டுப் போவும்னு நானும் இத்தன வருசமா பாக்கேன்" என்றாள் அவள். குரல் நேற்றுப் போல் இல்லை. நேற்று அதில் உயிர் இல்லை, இன்றைக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. "கேட்டாத்தான சொல்லலாம். கோட்டக் காட்டினீய, நல்லா இருக்குன்னேன். தரையக் காட்டலியே."

அவர் தொண்டையைச் செருமினார்.

"நேராத்தான் போவணுமா? இந்தச் சுவத்த ஒட்டி உங்க கொட்டகை வரைக்கும் போயி, அங்க கொஞ்சம் நின்னு, திரும்பி, அங்கேருந்து கேட்டுக்கு எறங்குனா ஆவாதா? அந்த வண்டிய யாரு ஓட்டப் போறா?"

கொட்டகையிலிருந்து கேட்டுக்கு இருபதடி. புள்ளி (0, −½), சாய்வு பன்னிரண்டில் ஒன்று, y + ½ = x/12. இருபதடியில் உயரம் ஏழில் ஆறு, இல்லை, ஆறில் ஏழு. சே. ஓரடியும் இரண்டு அங்குலமும். வாசலுக்கு இன்னும் பத்து அங்குலம் மிச்சம். பத்து அங்குலத்துக்குப் பத்தடி. வாசலிலிருந்து கொட்டகைக்கு எவ்வளவு? ஆவுடையப்பன் எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. சுவரை ஒட்டி, ஓரடிக்கு ஓரடி பாதத்தை ஒட்டி வைத்து, கொட்டகை வரைக்கும் நடந்தார். பத்தடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஸ்கூட்டர் இருட்டில் தூசியோடு நின்றது. அதன் கைப்பிடியைப் பிடித்தார். எண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வாடை, ஒரு காலத்தில் காலை எட்டரை மணியின் வாடை. இசக்கிமுத்து ஓடி வந்து பின்பக்கத்தைப் பிடித்தான். இரண்டு பேருமாக அதை வெளியே தள்ளி வெயிலில் நிறுத்தினார்கள். வெயிலில் பார்க்க அது ரொம்பச் சின்னதாக இருந்தது. இரண்டு கோடு. ஒன்று இல்லை, இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சமன்பாடு, ஒரே சாய்வு. அதில் என்ன அவமானம், அவரே பரீட்சைக்கு அப்படிக் கேள்வி கேட்டிருக்கிறார். இசக்கிமுத்து நூலை எடுத்தான். "மூணாவது புள்ளி பாரு" என்றார் அவர். அவனுக்குப் புரியவில்லை. "கேட்டுல போயி, தரையில மட்டம் பாருன்னேன். எது சந்தேகம்னாலும் கேளு." கடைசி வார்த்தை அவருக்கே வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அதற்குள்ளா. இன்றைக்கு என்ன செய்வது? புதுத்தளம் ஆகி, சாக்கு நனைத்துப் போட்டு, இறுகி, அதற்குள் இரண்டு வாரம். இரண்டு வாரத்தில் கால் மறந்துவிடும். ஓவிய வாத்தியார் வீட்டு அறையின் வாடை ஒரு கணம் வந்து போனது. மறுபடி ஞானதிரவியத்தைக் கூப்பிட வேண்டும், மறுபடி சப்பரம், மறுபடி தெரு. அவள் வர மாட்டாள். ஆனால் அவளே வாயைத் திறந்தாள். கேட் ரெண்டு கதவையும் தொறந்து ஆட்டோவ உள்ள விடச் சொல்லு என்று இசக்கிமுத்துவிடம் சொன்னாள். காருக்கென்று வைத்த கேட் அது, கார் வந்ததே இல்லை. ஆட்டோ பின்பக்கமாகவே நகர்ந்து உள்ளே வந்து, சாய்தளத்தை ஒட்டி, அது குப்புற விழ ஆரம்பிக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. அவள் இவரைப் பார்த்தாள். பிடிங்க என்றாள். ஆவுடையப்பன் பின்னால் போய்ப் பிடித்தார். நாற்காலி இறங்கியது. கையை உதறவில்லை. பன்னிரண்டுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, உள்ளங்கையில் அதன் கனம் ஒரே அளவாக இருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்த இடத்துக்கு வந்ததும் அவள் கையைக் காட்டினாள். நிறுத்தினார். பிரேக்கைப் போட்டார். சாய்தளத்தின் விளிம்பும் ஆட்டோவின் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவள் கம்பியைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி, ஆகாத காலையும் ஒரு நொடி ஊன்றி, முகம் சுளித்து, சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். ஒரு நொடிதான். ஆனால் ஊன்றினாள்.

சுவருக்கு மேலே ஞானதிரவியத்தின் தலை தெரிந்தது. வெயிலில் நிற்கிற ஸ்கூட்டரைப் பார்த்தார், கொட்டகையிலிருந்து கேட்டுக்கு நூல் பிடிக்கிற கொத்தனாரைப் பார்த்தார், உள்ளே வந்து நிற்கிற ஆட்டோவைப் பார்த்தார்.

"வாத்தியார் கணக்குல திருப்பமே கெடையாதே. யாருவே போட்டா இத?"

ஆவுடையப்பன் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். அது மடங்க மாட்டேன் என்றது. ஓர் உதை விட்டார், மடங்கியது. ஆட்டோவுக்குள்ளிருந்து அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமினார். எரிச்சலாகத்தான் வந்தது, கரும்பலகையில் விடை எழுதுகிற மாதிரி, இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

"செண்பகவடிவு."